புது வீட்டின் காற்றை அளக்க வேண்டும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது இடையஞ்சாவடி. கிழக்கே கடல். வடக்கே போனால் கழுவெளி ஏரி, அதைத் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள். இந்த வட்டாரத்தில் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. மறைய வேண்டியவைதான். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலும், 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையை மிதித்துப் போனபோது ஓலைக்குக் கீழே விழித்திருந்த குடும்பங்களிடம் கான்கிரீட் எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகளை நிலையான வீடுகளாக மாற்றும் இலக்கோடு 2024இல் தொடங்கியது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஏழைக் குடும்பத்துக்கு இது வாழ்நாள் பாதுகாப்பு.

ஆனால் ஓலையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த சந்து. இரவு முழுக்க அதன் வழியே காற்று போய்வந்துகொண்டிருந்தது. யாரும் அதற்காக எதையும் திறக்கவில்லை. முதல் தலைமுறை மாடி வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் இதை அறிந்திருந்தார்கள். ஜன்னலுக்கு மேலே, தளத்தை ஒட்டி, சிமென்ட் ஜாலி வைத்த வென்டிலேட்டர் இல்லாமல் ஓர் அறையை முடித்துக் கொடுக்க மாட்டார்கள். இன்றைய வீடுகளில் அந்த இடத்தைப் பரண் பிடித்துக்கொண்டது, அல்லது ஏ.சி. போடப் போகிறோம் என்று அடைத்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கொசு வருகிறது, ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. மறுநாள் காலை வரை அந்த அறைக்குள் இருப்பது ஒரே காற்று.

அந்தக் காற்றில் அடுப்புப் புகை இருக்கும், கொசுவர்த்திப் புகை இருக்கும். இரண்டையும் மூக்கு சொல்லிவிடும். மூக்கும் கண்ணும் நாக்கும் சொல்லாத ஒன்றும் அதில் உண்டு. அதன் பெயர் ரேடான்.

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே துளித்துளியாக யுரேனியம் கலந்திருக்கிறது. அது மிக மெதுவாகச் சிதைந்து, பல படிகள் கடந்து, ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு முன்னால் உள்ள படிகள் எல்லாம் திடப்பொருள்கள். பிறந்த இடத்திலேயே கிடப்பவை. ரேடான் மட்டும் வாயு என்பதால் மண் துகள்களின் இடுக்குகள் வழியே மேலேறித் தரை விரிசல்களிலும் குழாய் இறங்கும் ஓட்டைகளிலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. திறந்த வெளியில் காற்றில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். மூடிய அறையில் சேரும். பாதி அழிவதற்கு 3.8 நாள் எடுத்துக்கொள்ளும். அழியும்போது பொலோனியம் போன்ற கதிரியக்கத் திடப்பொருள்கள் உண்டாகித் தூசியில் ஒட்டிக்கொள்ளும். கேடு வாயுவைவிட இந்தத் துகள்களால்தான் அதிகம். மூச்சோடு நுரையீரலுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தே ஆல்ஃபா கதிர்களை வீசுகின்றன.

கதிரியக்கம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவை கல்பாக்கமும் கூடங்குளமும்தான். ஆனால் ஒரு சராசரி மனிதர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறும் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்குள்ளும் வெளியிலும் அவர் சுவாசிக்கும் ரேடானிலிருந்தும் அதன் உறவுகளிலிருந்தும் வருவது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் குழு கணக்கிட்டிருக்கிறது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுக்கு நாடு மாறினாலும், நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை இதன் கணக்கில் சேர்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதே பெக்கரெல் அளவு. வீட்டுக்குள் அது 100ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாத இடங்களிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்று 2009இல் அந்த நிறுவனம் வழிகாட்டியது. ஐரோப்பிய வீடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு 100 பெக்கரெல் உயர்வுக்கும் நோய்வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுவது தெரிந்தது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு. ரேடானால் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு 25 மடங்கு அதிகம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது பழைய செய்தி. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைப் பீடித்த மார்நோய் நுரையீரல் புற்று என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். ரேடான் என்ற வாயு கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குப் பிறகுதான். வீடுகளுக்கும் இதே கதைதான் என்று உலகத்துக்கு உறைத்தது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அணுமின் நிலையப் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் வேலையிடத்துக்குள் நுழையும்போதே கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியையே தொடங்கவில்லை. ஆகவே, அவர் மேலிருந்த கதிரியக்கம் வீட்டிலிருந்து வந்தது. போய் அளந்தபோது அவர் வீட்டுக் காற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரெல் இருந்தது.

நம் கரைக்கு வருவோம். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க். மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியத்துக்கு அன்று ஐரோப்பாவில் பெருத்த கிராக்கி. வாயு விளக்கின் மேண்டில் வலை வெள்ளை வெளிச்சம் தர அதுதான் தேவைப்பட்டது. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தலையில் சுமந்துவந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வலையிலும் இதே தோரியம்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இன்றும் அந்த மணலைப் பிரித்தெடுக்கிறது. வங்கக் கரையிலும் இதே கனிமம் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. மரக்காணத்துக்கு வடக்கே, இதே கிழக்குக் கடற்கரைச் சாலை வழியில் இருக்கும் கல்பாக்கம் கடற்கரையில் அணுமின் நிலையம் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மோனசைட் மணல் படிந்திருந்தது.

தோரியம் சிதைந்தால் ரேடானின் இன்னொரு வடிவம் பிறக்கும். அதற்குத் தோரான் என்று பெயர். ஆயுள் மிகக் குறைவு, பாதி அழிய 56 நொடிகூட ஆகாது. அதனால் மண்ணின் ஆழத்திலிருந்து வீடுவரை வந்துசேர அதற்கு நேரமில்லை. வீட்டுத் தரையின் மேற்பரப்பு, சுவரின் பூச்சு, செங்கல் ஆகியவற்றிலிருந்தே வரும். ஆனால் அது விட்டுச்செல்லும் ஈய அணுக்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து அறை முழுக்கப் பரவிவிடும். ஆகவே தென் மாவட்டக் கடற்கரையில் வீடு எந்த மணலால் பூசப்பட்டது என்ற கேள்வியும் முக்கியமாகிறது. ரேடானை மட்டும் அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று இந்தியாவில் எழுந்துவிட முடியாது. குளிர்நாடுகளின் அளவிகளை அப்படியே வாங்கி மாட்டினால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் மோனசைட் மணல்தான். அங்கே சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள இடங்களில் வாழ்ந்தவர்களிடம் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பயமுறுத்திப் பிழைப்பவர்கள் இந்த ஆய்வைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; கூடாது. அதே சமயம், அது பெரும்பாலும் மணலிலிருந்து உடலின் மேல் படும் காமா கதிர்வீச்சைப் பற்றிய கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூடிய படுக்கையறைக் காற்றைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்திய வீடுகளில் ரேடான் குறைவு என்பதும் உண்மை. நாடெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2011இல் வந்த கட்டுரை, வீடுகளின் சராசரியைச் சுமார் 23 பெக்கரெல் என்று காட்டியது. உலகச் சராசரி 40. தமிழ்நாட்டிலும் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீலகிரியில் கூடலூர் முதலிய இடங்களின் மண்ணையும் வீடுகளையும் அளந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் அந்த 23 யாருடைய வீட்டின் எண்? ஜன்னல் திறந்திருந்த, ஓட்டுச் சந்தில் காற்று புகுந்த, ஏ.சி. கீழ்நடுத்தர வர்க்கத்தின் படுக்கையறைக்கு வராத காலத்து வீட்டின் எண். நாம் அந்த வீட்டை இடித்துவிட்டு வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய எண்ணைப் புது வீட்டுக்குப் பொருத்திப் பார்த்து நிம்மதியடைவது சரியல்ல.

கான்கிரீட் வீடு எல்லா வகையிலும் கெடுதல் என்றும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாணம் மெழுகிய மண்தரையைவிட நன்றாகப் போட்ட சிமென்ட் தரை மண்வாயுவைத் தடுக்கும். அடியில் தடுத்ததை மேலே காற்றோட்டத்தில் இழக்கிறோம். கூட்டிக் கழித்தால் லாபமா நட்டமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். இடையஞ்சாவடியின் மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். காலடியில் இருப்பது கடலூர் மணற்கல்லின் மேல் படிந்த செம்மண். திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடைப்பதும் இதே கற்படையில்தான். மணற்பாங்கான மண்ணில் வாயு எளிதாக நகரும், களிமண்ணில் சிரமப்படும். மேலே வீட்டுக்கு வந்துசேரும் பொருள்களோ பல ஊர்ச் சரக்கு. வானூர் வட்டாரக் குவாரிகளின் ஜல்லி, எம்-சாண்ட், அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல், வெளியூர் கிரானைட், டைல்ஸ், பொய்க்கூரைக்கு ஜிப்சம் பலகை. உரத் தொழிற்சாலையில் மிஞ்சும் பாஸ்போஜிப்சத்தில் ரேடியம் தங்கிவிடுகிறது என்பதால்தான் அதைக் கட்டுமானத்தில் பயன்படுத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு விதித்திருக்கிறது. பக்கத்திலேயே ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் ஐந்து சதவீத அளவுக்குச் சிமென்ட் சேர்த்து அழுத்திய மண் கற்களால் வீடு கட்டப் பல நாட்டவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஓலை வீடு, அழுத்திய மண் கல் வீடு, அரசுத் திட்ட வீடு, ஏ.சி. போட்ட மாடி வீடு என நான்கும் ஒரே செம்மண் மேல் சில நூறு அடி தூரத்துக்குள் நிற்கும் ஊர் இது. வீடு மாறினால் காற்று எப்படி மாறுகிறது என்று அறிய இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் எளிதில் அமையாது.

இந்த அக்கறை வெளிநாட்டுத் தமிழர்களையும் தொடுகிறது. டொரன்டோவுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்கும், இன்று அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் முதல் வீடு ‘பேஸ்மென்ட்’ எனப்படும் நிலவறைதான், வாடகை குறைவு. சுற்றிலும் அடியிலும் மண் சூழ்ந்த, குளிருக்காக ஆறு மாதம் அடைத்து வைக்கப்படும் அறை என்பதால் ரேடான் சேருவதற்கு வசதியான இடமும் அதுவே. கனடாவில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட நுரையீரல் புற்றுநோய் மரணங்களை ரேடானோடு அந்நாட்டுச் சுகாதாரத் துறை சேர்க்கிறது. 200 பெக்கரெலைத் தாண்டினால் வீட்டைச் சரிசெய்ய வேண்டும்; 600ஐத் தாண்டினால் ஓராண்டுக்குள் செய்தாக வேண்டும் என்பது அங்கே பரிந்துரை. அளவி கடையில் கிடைக்கிறது. பனிக்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து எடுத்து அனுப்பினால் முடிவு வரும். மகனோ மகளோ நிலவறையில் தங்கியிருந்தால், சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே தொலைபேசி அழைப்பில் வீட்டுக்காரர் ரேடான் பார்த்திருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

அளக்கும் முறை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. இறக்குமதி செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் வடிவமைத்த ஊசித்துளை அளவி, கைக்கு அடக்கமான ஓர் உருளை டப்பா. உள்ளே இரண்டு அறைகள். வடிகட்டித் தாள் வழியே முதல் அறைக்குள் காற்று புகும்போது ரேடானும் தோரானும் சேர்ந்தே வரும். அங்கிருந்து அடுத்த அறைக்குப் போக ஊசிமுனைத் துளைகள் மட்டும்தான். ஆமை வேகத்தில் அவற்றைக் கடப்பதற்குள் தோரான் அழிந்துவிடும், ரேடான் மட்டும் போய்ச் சேரும். இரண்டு அறையிலும் சின்னச் சின்னப் படத்துண்டுகள் (ஃபிலிம்) ஒட்டியிருக்கும். ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு வடு பதிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்துப் படத்தை எடுத்துச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வடுக்கள் துளைகளாகிவிடும். அவற்றைக் கருவி எண்ணித் தரும். முதல் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் உள்ள வித்தியாசம்தான் தோரான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சத்தம் கிடையாது. சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி ஒரு கயிற்றில் தொங்கினால் போதும். கல்லூரி இயற்பியல் துறை ஒன்றால் செய்ய முடியாத வேலை இதில் எதுவுமில்லை.

டெங்கு இருக்கிறது, உப்பேறிய குடிநீர் இருக்கிறது, இதற்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா வீட்டையும் அளக்கச் சொல்லவில்லை; எட்டு லட்சம் வீடுகள் கட்டும் அரசு, நூறு வீட்டுக்கு ஒன்று என்று எடுத்து அளந்தால் மாநிலம் முழுவதற்கும் ஒரு படம் கிடைத்துவிடும். இப்போதே ஏன் என்றால், கட்டும்போது செய்வது மலிவு. தளம் போடும் முன் ஜல்லிப் படுகையின் மேல் கனமான பாலிதீன் விரிப்பதும், குழாய் இறங்கும் ஓட்டையை ஒழுங்காக அடைப்பதும், எதிரெதிர்ச் சுவர்களில் கொசுவலை போட்ட இரண்டு வென்டிலேட்டர் வைப்பதும் மூன்றரை லட்சத்தில் மிகச் சிறு செலவு. கட்டி முடித்தபின் தரையை உடைப்பது ஏழைக்கு ஆகாத காரியம். ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்தால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகத் தரை விரிசல்களிலிருந்து மண்வாயுவை உறிஞ்சும். வரவுக்கும் ஒரு துவாரம் வேண்டும்.

அளவீடு இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் 2024இல் கடுமையாக எதிர்த்தார்கள். மணலை எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்கிறது ஒரு தரப்பு. தோண்டினால் புற்றுநோய் பெருகும் என்கிறது மறுதரப்பு. தன் வீட்டுப் படுக்கையறையின் எண் என்ன என்பது கையில் இருந்தால் மீனவக் குடும்பம் இரு தரப்பையும் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்க முடியும். ஆய்விதழில் ஆங்கிலத்தில் புதைந்திருக்கும் எண் அந்தக் குடும்பத்துக்கு உதவாது.

இடையஞ்சாவடியில் தொடங்கினால் நாள்காட்டிகூடத் தயாராக இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் விளக்கிச் சொல்லி, சம்மதித்த வீடுகளில் அளவியைத் தொங்கவிடலாம். நான்கு வகை வீடுகளும், பள்ளிக்கூடமும், அங்கன்வாடியும் அதில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் மார்கழிப் பனியும், அதாவது ஜன்னல்கள் அதிகம் சாத்தப்படும் மாதங்கள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஜனவரி 26 கிராம சபைக்கு முன் கழற்றலாம். கொண்டுபோய் மாட்டவும் கழற்றவும், வீட்டில் புகைப்பவர் உண்டா என்று குறித்துக்கொள்ளவும், மாதாமாதம் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களுக்குத் தெரியும். அதற்குரிய கூடுதல் ஊதியத்தை மட்டும் அரசு தர வேண்டும். படத்தைப் படிக்கும் பொறுப்பைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஏற்கலாம். தனி வீட்டின் எண் அந்த வீட்டாருக்கு மட்டும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். வாடகையும் விலையும் அதனால் விழக் கூடாது. ஊரின் சராசரியும் வீட்டு வகைவாரியான எண்களும் ஊராட்சிப் பலகையில் வெளியாக வேண்டும். 100க்கு மேல் வந்த வீட்டுக்கு வென்டிலேட்டரும் விரிசல் அடைப்பும் ஊராட்சிச் செலவில். 300க்கு மேல் வந்தால் மாவட்ட நிர்வாகம் பொறியாளரை அனுப்பி, சரிசெய்தபின் அடுத்த மழைக்காலத்தில் அதே வீட்டில் மறுபடி அளக்க வேண்டும்.